பெயருக்கு முன்பே மொழியைப் படைத்தவர்

பாத்திரமேற்று விளையாடும் 'ரோல் பிளேயிங்' விளையாட்டு ஒன்றைச் சொந்தமாக உருவாக்க முயன்ற மாணவர்களுக்கு ஒரு சிக்கல் நன்கு தெரிந்திருக்கும். வரைபடம் வரைந்தாகிவிடும். மலை, காடு, கோட்டை எல்லாம் தயாராகிவிடும். எந்த வீரருக்கு எத்தனை புள்ளி வலிமை என்பதும் முடிவாகிவிடும். ஆனால் அந்த மலையில் வாழும் இனத்துக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள்.

நண்பர்களுடன் பல ஆண்டுகளாக இத்தகைய ஆட்டங்களை விளையாடி வருகிறேன். சிலவற்றை நானே வழிநடத்தியும் இருக்கிறேன். நான் பார்த்தவரையில், பெயர் தேடும் வேளையில் பலரும் செய்வது ஒன்றுதான். பெயர்களை உருவாக்கித் தரும் செயலியைத் திறப்பார்கள். பொத்தானை அழுத்துவார்கள். வந்து விழும் பெயர்களில் கரடுமுரடானதைக் கெட்டவர்களுக்கும் மென்மையானதை நல்லவர்களுக்கும் கொடுப்பார்கள். அடுத்த வாரம் அந்தப் பெயர்கள் யாருக்கும் நினைவிருக்காது.

எல்ஃப், டுவார்ஃப், ஓர்க் போன்ற பெயர்கள் மட்டும் அப்படி மறப்பதில்லை. எந்த நாட்டு விளையாட்டைத் திறந்தாலும் இவற்றில் ஒன்றாவது எதிர்ப்படும். இவை பழஞ்சொற்கள். ஆனால் இன்று நம் மனத்தில் தோன்றும் உருவத்தை இவற்றுக்குத் தந்ததில் பெரும்பங்கு ஒரு பேராசிரியருடையது. அவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது, பெயர் வைப்பதையே ஒரு பாடமாகக் கற்றுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிலக்கரி வண்டியில் இருந்த சொற்கள்

டோல்கீன் 1892 ஜனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில் பிறந்தார். தந்தை வங்கி நிர்வாகி. மூன்று வயதில் தாயுடனும் தம்பியுடனும் இங்கிலாந்து வந்தார். பின்னர் வந்து சேருவதாக இருந்த தந்தை, 1896இல் ஆப்பிரிக்காவிலேயே காய்ச்சலால் இறந்துபோனார்.

பர்மிங்காம் நகருக்கு அருகே சேர்ஹோல் என்ற சிற்றூரில் குடும்பம் குடியேறியது. பிள்ளைகளுக்குத் தாய்தான் முதல் ஆசிரியர். லத்தீனையும் ஜெர்மனையும் தாவரவியலையும் வீட்டிலேயே கற்பித்தார். பிறகு நகருக்குள் மாறிய வீடு ஒன்றின் பின்புறம் ரயில் பாதை ஓடியது. அதில் நின்ற நிலக்கரி வண்டிகளில் வேல்ஸ் நாட்டு ஊர்ப்பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. சிறுவனுக்கு அவற்றின் பொருள் தெரியவில்லை. எப்படி ஒலிக்கும் என்பதும் தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சொற்கள் அவனைப் பிடித்துக்கொண்டன.

1904இல் தாயும் நீரிழிவு நோயால் காலமானார். அப்போது டோல்கீனுக்கு 12 வயது. ஒரு பாதிரியார் காப்பாளராக இருந்து இரு சகோதரர்களையும் வளர்த்தார். இந்தத் துயரங்களுக்கு நடுவிலும் மொழி மீதான ஆசை வளர்ந்தது. மாமன் மகள் ஒருத்தியோ அண்டை வீட்டுப் பையனோ ரகசிய மொழி பேசினால் நாம் சில நாள் சேர்ந்து பேசிவிட்டு மறந்துவிடுவோம். டோல்கீன் மறக்கவில்லை. உறவுப் பிள்ளைகளுடன் சேர்ந்து பேசிய 'நெவ்பாஷ்' என்ற விளையாட்டு மொழிக்குப் பிறகு, சொந்தமாக இன்னொன்றைத் தொடங்கினார். பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் படித்தார். அழிந்துபோன காத்திக் மொழியின் இலக்கண நூல் ஒன்று கைக்கு வந்ததும் அதில் மூழ்கினார்.

1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தபின், எக்ஸிட்டர் கல்லூரி நூலகத்தில் ஃபின்னிஷ் மொழியின் இலக்கண நூல் கிடைத்தது. உயிரொலிகள் நிறைந்த அந்த மொழியின் இனிமை அவரை மயக்கியது. அந்த ஒலியை மாதிரியாகக் கொண்டு அவர் படைக்கத் தொடங்கிய மொழியே பிற்காலத்தில் 'குவென்யா' ஆனது. சிறுவயதில் கண்ட வெல்ஷ் மொழியின் ஒலியில் பிறந்தது 'சிந்தாரின்'.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசைமுறை. கதையில் வரும் எல்ஃப் மக்களுக்காக அவர் மொழி உருவாக்கவில்லை. மொழி முதலில் வந்தது. அதைப் பேச மக்கள் வேண்டும், அந்த மக்களுக்கு வரலாறு வேண்டும் என்று கதை பின்னால் வந்தது.

போர்க்காலத்தில் பிறந்த மக்கள்

1915இல் முதல் வகுப்பில் தேறினார். 1916 மார்ச்சில் தாம் நெடுநாள் காதலித்த ஈடித் பிராட்டை மணந்தார். சில மாதங்களில் பிரான்சின் சோம் போர்முனைக்கு, தகவல் தொடர்பு அதிகாரியாக அனுப்பப்பட்டார். பள்ளிக்காலத்திலிருந்து உயிராகப் பழகிய நால்வர் குழுவில் இருவர் அந்த ஆண்டிலேயே மாண்டனர். பேன்களால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு, டோல்கீன் நவம்பரில் நாடு திரும்பினார்.

நோயிலிருந்து மீண்டு வந்த காலத்தில்தான் எல்ஃப் மக்களின் வரலாற்றை எழுத ஆரம்பித்தார். அந்நாளில் 'எல்ஃப்' என்றால் பூவிதழில் உட்காரும் குட்டித் தேவதை என்றே ஆங்கிலேயர் நினைத்தனர். டோல்கீன்கூட 1915இல் அப்படிப்பட்ட குட்டி உருவங்களைப் பற்றி ஒரு கவிதை வெளியிட்டிருந்தார். பிற்காலத்தில் அது அவருக்கே பிடிக்காமல் போனது.

நம் மொழியில் 'நாற்றம்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். முன்பு நறுமணத்தையும் குறித்த சொல், இன்று கெட்ட வாடையை மட்டுமே குறிக்கிறது. 'எல்ஃப்' என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். வடக்கு ஐரோப்பாவின் பழங்கதைகளில் எல்ஃப் என்பது மனிதர் அஞ்சி மதித்த வல்லமை உடைய இனம். டோல்கீன் புதுச்சொல் தேடாமல், தேய்ந்துபோன பழஞ்சொல்லுக்கு அதன் உயரத்தைத் திருப்பித் தந்தார்.

எல்லாச் சொற்களிலும் இது கைகூடவில்லை. எல்ஃப் மக்களில் அறிவுத்தாகம் மிகுந்த ஒரு கிளையினருக்கு முதலில் 'நோம்' என்று பெயரிட்டார். சிந்தனை என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லை மனத்தில் வைத்து அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஆனால் வாசகர்களுக்கு அந்தச் சொல் தோட்டத்தில் வைக்கும் குள்ள பொம்மையைத்தான் நினைவூட்டும். ஆகவே, பல ஆண்டுகள் பயன்படுத்திய பெயரைக் கைவிட்டு 'நோல்டோர்' என்று தம் மொழிப் பெயரையே வைத்துக்கொண்டார். படைத்தவர் நினைக்கும் பொருள் மட்டும் போதாது, கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அகராதி தந்த பயிற்சி

போர் முடிந்தபின் டோல்கீனுக்குக் கிடைத்த வேலை, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் உதவியாளர் பணி. 1919, 1920ஆம் ஆண்டுகளில் 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும் சொற்களை ஆராய்ந்தார். வால்ரஸ் என்ற கடல்விலங்கின் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைத் தீர்மானிக்க மட்டும் பலமுறை எழுதி எழுதித் திருத்தினார். பின்னர் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1925இல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலத்துக்கான பேராசிரியர் ஆனார்.

ஒரு சொல் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பது அவருடைய அன்றாடத் தொழில். அதே விதிகளைத் தாம் படைத்த மொழிகளுக்கும் பொருத்தினார். தமிழில் பால், புலி என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி என்று ஒலிப்பது நமக்குத் தெரியும். மொழிகள் பிரியும்போது ஒலிகள் ஒழுங்காக மாறும். அதேபோல, 'சொல்' என்பதற்குக் குவென்யாவில் 'குவெட்டா', சிந்தாரினில் 'பெத்'. ஒன்றில் 'க்வ' ஒலி வரும் இடத்தில் மற்றொன்றில் 'ப' வரும். இரண்டும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை என்பது அவர் வகுத்த வரலாறு. அவருடைய பெயர்கள் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப்போல முகச்சாயலுடன் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெற்றுத்தாளில் வந்த ஹாபிட்

1930ஆம் ஆண்டையொட்டி ஒரு நாள். குடும்பச் செலவைச் சமாளிக்கக் கூடுதல் வருமானத்துக்காகப் பள்ளித் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார் டோல்கீன். ஒரு மாணவர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். திருத்திச் சலித்த கை, அந்தத் தாளில் ஒரு வரியை எழுதியது. தரையில் இருந்த பொந்து ஒன்றில் ஒரு ஹாபிட் வாழ்ந்ததாகச் சொல்லும் வரி அது. ஹாபிட் என்றால் என்ன என்பது எழுதியவருக்கே அப்போது தெரியாது.

பள்ளி இலக்கணத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருக்கிறோம். காரணமின்றி வழங்கிவருவது இடுகுறி, 'மண்' போல. காரணம் பற்றி வந்தது காரணப்பெயர், 'நாற்காலி' போல. ஹாபிட் ஓர் இடுகுறிப்பெயராகவே பிறந்தது. டோல்கீன் அதை அப்படியே விடவில்லை. பொந்து கட்டுவோர் என்று பொருள்படும் 'ஹோல்பிட்லா' என்ற சொல்லைப் பழைய ஆங்கில முறைப்படி அமைத்து, அது தேய்ந்து ஹாபிட் ஆனது என்று பின்னாளில் காரணம் படைத்தார்.

அந்த வரியிலிருந்து வளர்ந்த 'தி ஹாபிட்' நாவல் 1937 செப்டம்பர் 21இல் வெளியானது. வெளியிடலாமா என்று பதிப்பாளர் கருத்துக் கேட்டது தம் பத்து வயது மகனிடம். ஒரு ஷில்லிங் கூலிக்குப் படித்த சிறுவன் நல்ல கதை என்றான். புத்தகம் வந்தது.

அந்தக் கதையில் வரும் டுவார்ஃப்களின் பெயர்களில் பெரும்பாலானவை அவர் கற்பனையல்ல. பழைய நார்ஸ் மொழிப் பாடல் ஒன்றில் உள்ள பெயர்ப்பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. கேண்டால்ஃப் என்ற பெயரும் அதே பட்டியலில் உண்டு. முதல் வரைவில் அது டுவார்ஃப்களின் தலைவனுக்கு இருந்தது. பிறகுதான் மந்திரவாதிக்கு மாறியது. கோலேந்திய எல்ஃப் என்று பொருள் கொள்ளத்தக்க பெயர், கோலூன்றி வரும் கிழவருக்குத்தானே பொருந்தும்!

மற்றவையும் இப்படியே. 'ஓர்க்', பழைய ஆங்கிலத்தில் தீய சக்தியைக் குறித்த சொல். 'என்ட்', அரக்கரைக் குறித்த சொல். இடிந்துகிடந்த பழங்காலக் கற்கட்டடங்களை அந்த அரக்கர்களின் வேலை என்று பழைய ஆங்கிலக் கவிஞர்கள் பாடினார்கள். டோல்கீன் அந்தச் சொல்லை எடுத்து, மரங்களை மேய்த்துக் காக்கும் மரவடிவ முதியவர்களுக்குச் சூட்டினார்.

ஓர் எழுத்துக்காக ஒரு வழக்கு

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. அச்சுக்கோத்தவர்கள் ஒரு 'பிழையை' அக்கறையுடன் திருத்தியிருந்தார்கள். ஆங்கில அகராதிப்படி டுவார்ஃப் என்பதன் பன்மை 'டுவார்ஃப்ஸ்'. டோல்கீன் எழுதியிருந்ததோ 'டுவார்வ்ஸ்'. அவர் அதை மீண்டும் தம் வழியிலேயே மாற்றவைத்தார். சர்க்கஸிலும் குழந்தைக் கதைகளிலும் கேலிக்கு ஆளான சொல்லிலிருந்து தம் மலைவாழ் மக்களைப் பிரித்துக் காட்ட அந்த ஓர் எழுத்து அவருக்குத் தேவைப்பட்டது. இன்று பல விளையாட்டுகள் அவருடைய எழுத்துக்கூட்டலையே பின்பற்றுகின்றன.

தன் பெயரும் பிறர் இட்ட பெயரும்

அவரிடம் நான் மிகவும் வியப்பது இன்னொன்று. டோல்கீனின் உலகில் எந்த இனத்துக்கும் ஒரே பெயர் கிடையாது. எல்ஃப்கள் தங்களை அழைத்துக்கொண்ட பழம்பெயர் 'குவெண்டி'. குரலால் பேசுவோர் என்று பொருள். தாங்கள் விழித்தெழுந்த காலத்தில் பேசத் தெரிந்த வேறு உயிர்களை அவர்கள் கண்டதில்லை. டுவார்ஃப்கள் தங்களைக் 'கசாத்' என்கிறார்கள். ஆனால் எல்ஃப்கள் அவர்களுக்கு இட்ட பெயர் 'நவ்க்ரிம்'. வளர்ச்சி குன்றியோர் என்பது அதன் பொருள். ஹாபிட்களை மனிதர்கள் 'ஹாஃப்லிங்', அதாவது அரையாள், என்று அழைக்கிறார்கள். ஹாபிட் தன்னை ஒருபோதும் அரையாள் என்று நினைத்ததில்லை. அவன் கண்ணுக்கு அவன் முழு ஆள்தான்.

ஒரு பெயரிலேயே இரண்டு இனங்களுக்கு இடையிலான பகையும் ஏளனமும் தெரிந்துவிடுகிறது. தனியாக ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டியதில்லை.

இனம் கேட்ட பதிப்பகம்

பெயர் என்பது கதைக்குள் மட்டும் காயப்படுத்துவதில்லை. 1938இல் 'தி ஹாபிட்' நூலை ஜெர்மன் மொழியில் வெளியிட விரும்பிய பாட்ஸ்டாம் நகரப் பதிப்பகம் ஒன்று, டோல்கீன் 'ஆரிய' வம்சத்தவர்தானா என்று உறுதிகேட்டு எழுதியது. ஹிட்லர் ஆட்சியின் சட்டம் அப்படி.

டோல்கீன் கோபமடைந்தார். இரண்டு பதில்கள் எழுதி, எதை அனுப்புவது என்பதைத் தம் ஆங்கிலப் பதிப்பாளரிடம் விட்டார். இன்று நமக்குக் கிடைக்கும் பதிலில், ஆரியம் என்பது ஒரு மொழிக் குடும்பத்தைப் பற்றிய சொல் என்று மொழி அறிஞராகப் பாடம் நடத்துகிறார். யூதர்கள் என்ற திறன்மிக்க மக்கள் தம் முன்னோர்களில் இல்லாதது வருத்தமே என்றும் தெரிவிக்கிறார். ஜெர்மன் பதிப்பு கைநழுவினாலும் பரவாயில்லை என்ற முடிவுடன் எழுதப்பட்ட கடிதம் அது. அந்த நூல் ஜெர்மனில் வந்தது போருக்குப் பிறகு, 1957இல்தான்.

சொற்களின் வரலாறு அறிந்தவர் என்பதால், ஒரு சொல்லைத் திருடி மனிதரைத் தரம்பிரிக்கப் பயன்படுத்துவதை அவரால் உடனே அடையாளம் காண முடிந்தது. ஆனாலும் அவர் படைப்பிலேயே ஒரு முடிச்சு அவிழாமல் கிடந்தது. ஓர்க் என்ற ஒரு முழு இனமே பிறவியிலேயே தீயதாக இருக்க முடியுமா? ஓர்க்குகளின் தோற்றம் பற்றி முதுமையில் பலமுறை எழுதிப் பார்த்தும் அவர் இறுதி முடிவுக்கு வரவில்லை. இன்றைய விளையாட்டு உருவாக்குநர்களும் இதே கேள்வியுடன் மல்லுக்கட்டுகிறார்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2024ஆம் ஆண்டு விதிநூல், மனித இனவேற்றுமையை நினைவூட்டும் சொல்லை விட்டுவிட்டு, உயிரினப் பிரிவைக் குறிக்கும் 'ஸ்பீஷீஸ்' என்ற சொல்லுக்கு மாறியிருக்கிறது.

கல்லறையில் இரண்டு பெயர்கள்

டோல்கீன் 1959இல் ஓய்வுபெற்றார். டச்சு, ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்புகளில் பெயர்கள் சிதைந்தது கண்டு வருந்தியவர், எந்தப் பெயரை மொழிபெயர்க்கலாம், எதை அப்படியே விட வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டிக் குறிப்பே தயாரித்தார். ஜெர்மனில் 'எல்ஃபென்' என்ற சொல் குட்டித் தேவதையை நினைவூட்டுவதால், பழைய வடிவமான 'எல்பென்' நல்லது என்பது அதில் ஒரு யோசனை. ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர் அதை ஏற்றுக்கொண்டார்.

1971 நவம்பரில் ஈடித் மறைந்தார். இளமையில் காட்டுச் செடிகளுக்கிடையே அவர் ஆடிய நடனத்தைக் கண்டுதான், மனிதனைக் காதலித்த எல்ஃப் இளவரசி லூத்தியனின் கதை டோல்கீனுக்குத் தோன்றியது. மனைவியின் கல்லறையில் 'லூத்தியன்' என்று பொறிக்கச் செய்தார். 1973 செப்டம்பர் 2இல் அவரும் மறைந்தபோது, அதே கல்லில் அவர் பெயருக்குக் கீழே, அந்தக் கதையின் காதலன் பெயரான 'பெரன்' சேர்க்கப்பட்டது. தாம் படைத்த பெயரை மனைவியின் கல்லறையில் வைக்கும் அளவுக்கு அந்தப் பெயர்கள் அவருக்கு உண்மையாக இருந்தன.

அவர் இறந்த சில மாதங்களில், 1974இல், அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டனர். அதில் ஹாபிட், என்ட் ஆகிய இனங்கள் இருந்தன. டோல்கீன் படைப்புகளின் வணிக உரிமை பெற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் என்ட் 'ட்ரியன்ட்' ஆனது. ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது. எல்ஃபும் டுவார்ஃபும் ஓர்க்கும் பழஞ்சொற்களானதால் அப்படியே நிலைத்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தங்களை உயரத்தால் அளந்து மனிதர்கள் இட்ட பெயரில்தான், அந்தச் சிறிய மக்கள் இன்று உலகெங்கும் விளையாட்டு மேசைகளில் உலவுகிறார்கள்.

உங்கள் விளையாட்டுக்கு

உங்கள் உலகின் இனங்களுக்குப் பெயர் வைக்க டோல்கீனைப்போல முழு மொழியைப் படைக்க வேண்டியதில்லை. அவர் வழியிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நான்கு வேலைகள் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, அந்த இனத்தின் பேச்சில் எந்த ஒலிகள் வரும், எவை வரவே வராது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆள், ஊர், ஆறு ஆகிய எல்லாப் பெயர்களும் அந்த எல்லைக்குள் வரட்டும். இரண்டாவது, அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் என்ன, அண்டை இனம் அவர்களுக்கு இட்ட பெயர் என்ன என்று இரண்டையும் முடிவுசெய்யுங்கள். மூன்றாவது, அந்தப் பெயரைக் கேட்டதும் விளையாடுபவர் மனத்தில் வேறு ஏதாவது உருவம் வந்து நிற்கிறதா என்று நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நான்காவது, அந்தப் பெயர் ஓர் இனம் முழுவதையும் கெட்டது என்று முத்திரை குத்துகிறதா என்று ஒருமுறை யோசியுங்கள்.

டோல்கீன் தம் மொழியின் அடியில் கிடந்த சொற்களைத் தோண்டி எடுத்தார். பூதம், இயக்கர், நாகர், அணங்கு என்று நம் இலக்கியத்திலும் பெயர்கள் நிறையவே இருக்கின்றன. அணங்கு என்றால் பழந்தமிழில் அழகும் அச்சமும் சேர்ந்த ஒரு வல்லமை. அதைப் பெண்ணைக் குறிக்கும் சொல்லாக மட்டுமே இன்று பலர் அறிவார்கள். அடுத்த ஆட்டத்துக்கு இனங்களைத் திட்டமிடும்போது, செயலியைத் திறப்பதற்கு முன் பள்ளி நூலகத்தில் இருக்கும் ஒரு தமிழ் அகராதியைத் திறந்து பாருங்கள்.